நவம்பர் மான் வேட்டைக்குத் தோல் பூட்ஸ்: எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிக் காப்பாற்றுவது

ஒண்டாரியோவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கூட வேலை பார்ப்பவர்கள் இந்த நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்களாம். பயிற்சியும் தேர்வும் முடித்து வேட்டைக்கான அட்டை வாங்கியாயிற்று, ஆரஞ்சு ஜாக்கெட்டும் வாங்கியாயிற்று, பூட்ஸ்தான் பாக்கி. தோலா ரப்பரா, கோர்-டெக்ஸ் என்ற நீர்புகாச் சவ்வு கட்டாயமா, வாங்கியபின் எண்ணெய் போடுவதா மெழுகு போடுவதா என்று ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள் என்கிறார்.

நான் ஆம்பூரில் பதினொரு வருஷம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன். முதலில் தோல் பதனிடும் ஷாப்பு, பிறகு ஐரோப்பாவுக்குப் பூட்ஸ் தைத்து அனுப்பிய ஒரு கம்பெனி. கனடா வந்தபின் ஒண்டாரியோவின் சட்பரி நகருக்கு வடக்கே நண்பர்களோடு பன்னிரண்டு சீசன் வேட்டைக்குப் போயிருக்கிறேன். தோலை இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்குப் போகுமுன் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள்: உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டையா, நடந்து தேடும் வேட்டையா? பூட்ஸைத் தீர்மானிப்பது இதுதான். மரத்தில் மேடை கட்டி நான்கு மணி நேரம் அசையாமல் உட்காருபவருக்கு எவ்வளவு நல்ல தோல் பூட்ஸும் போதாது. நடக்காத காலில் சூடு பிறக்காது. அவர்களுக்கு அடியில் ரப்பரும் மேலே தோலும் உள்ளே கழற்றி உலர்த்தக்கூடிய கம்பளி உறையும் உள்ள பூட்ஸ்தான் சரி. இந்த ரகத்துக்கு இங்கே நீண்ட மரபு உண்டு. சோரல் என்ற பூட்ஸ் பெயர் பிறந்தது உங்கள் மாகாணத்திலேயே, கிச்சனரில் இருந்த காஃப்மன் கம்பெனியில்தான்.

ரப்பரையும் தோலையும் சேர்த்து வேட்டைக்காரருக்கென்றே செய்து விற்றதில் பேர்போனவர் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியான் லியன்வுட் பீன். 1912-இல் அவர் விற்ற முதல் நூறு ஜோடியில் தொண்ணூறு திரும்பி வந்துவிட்டன. ரப்பரோடு தோல் சேரும் தையல் பிய்ந்துபோனதுதான் காரணம். எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, ரப்பரை மாற்றி மறுபடி செய்தார். பூட்ஸ் எங்கே தோற்கும் என்று கேட்டால் என் பதிலும் அதுதான்: பெரும்பாலும் தோலில் இல்லை, தோல் வேறொன்றோடு சேரும் இடத்தில்.

நீங்கள் நடக்கப்போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். பாறையும் சதுப்பும் விழுந்த மரங்களும் உள்ள அந்தக் காட்டில் எட்டிலிருந்து பத்து அங்குல உயரமுள்ள தோல் பூட்ஸ் போல எதுவும் கணுக்காலைப் பிடித்து நிற்காது. பெட்டியில் 400 கிராம், 800 கிராம் என்று போட்டிருப்பது பூட்ஸின் எடை இல்லை. உள்ளே வைத்த குளிர்காப்புப் பஞ்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு அது. நவம்பருக்கு, நடப்பவருக்கு, 200 முதல் 400 வரை போதும். 800 கிராம் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் அரை மணியில் சாக்ஸ் வியர்வையில் நனையும். பிறகு நின்றதும் அந்த ஈரமே காலை உறைய வைக்கும். குளிருக்குப் பயந்து இருப்பதிலேயே தடியானதை வாங்குவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு.

இப்போது தோலுக்கு வருவோம். ஷாப்பில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், மேசையில் விழும் ஒவ்வொரு தோலையும் மேல்பக்கம் உள்வளைவில் வரும்படி மடித்து, கட்டைவிரலால் மெல்ல நெருக்குவார். நல்ல தோல் என்றால் மடிப்பில் தலைமுடி கனத்தில் நெருக்கமான ரேகைகள் விழும், விரலை எடுத்ததும் மறையும். வயிற்றுப்பக்கத் தோல் என்றால் மேல்தோல் உள்சதையை விட்டுத் தளர்ந்து, தடித்த குழாய் குழாயாக எழும்பும். அதை ‘பைப்பிங்’ என்போம். அவர் ஒன்றும் பேசமாட்டார், தோலை இடதுபக்கம், கழித்த தோல்களின் அடுக்கில் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட தோலை எவ்வளவு வர்ணம் பூசி அனுப்பினாலும், கால் மடங்கும் இடத்தில் முதல் சீசனிலேயே சுருக்கம் விழுந்து இரண்டாவது சீசனில் வெடிக்கும்.

கடையில் நீங்களும் இதைச் செய்யலாம். பூட்ஸுக்குள் ஒரு கையை விட்டு, விரல்கள் மடங்குகிற இடத்தை உள்ளிருந்து தாங்கிக்கொண்டு, வெளியே கட்டைவிரலால் நெருக்குங்கள். இடதுகால், வலதுகால் இரண்டிலும் பாருங்கள். நுண்ணிய ரேகை என்றால் வாங்கலாம், கொழகொழவென்று தடித்த மடிப்பு விழுந்தால் கீழே வைத்துவிடுங்கள். விலைச்சீட்டு சொல்லாததை இந்த அரை நிமிஷம் சொல்லிவிடும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஃபுல் கிரெயின்’ என்றால் மாட்டுத்தோலின் மேல்புறம் தேய்க்கப்படாமல் அப்படியே இருக்கிறது. நீரைத் தடுக்கும் நெருக்கமான இழைகள் அந்த மேல் அடுக்கில்தான் இருக்கின்றன. அதையே லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நூபக். நூபக்கை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம், ஐரோப்பாவின் நல்ல வேட்டை பூட்ஸ் பலவும் நூபக்தான். ‘ஸ்ப்ளிட்’ என்பது மேல் அடுக்கை உரித்தபின் மிஞ்சும் அடித்தோல். அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஒட்டிப் பளபளப்பாக்கி ‘அசல் தோல்’ என்று எழுதி விற்பார்கள். எழுதியது பொய் இல்லை, ஆனால் வேட்டைக்கு ஆகாது. பூச்சு விரிசல் விட்டதும் தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடிக்கும். விளிம்பு வெட்டுத் தெரியும் இடத்தில், பெரும்பாலும் நாக்குப் பகுதியின் ஓரத்தில், கனத்தைப் பாருங்கள். காட்டு பூட்ஸுக்கு மேல்தோல் இரண்டரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நன்று. வெளியே தையல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு தையலும் ஊசித் துளைகளின் வரிசை.

அடிப்பாகத்தில் இரண்டு வகை. வெல்ட் என்ற தோல்பட்டையை ஓரத்தில் வைத்து நூலால் தைத்தது, பசையால் ஒட்டியது. தைத்தது கனம், விலை, பழக நாளாகும். ஆனால் அடி தேய்ந்தால் பிரித்து மாற்றலாம், மேல்தோலைக் காப்பாற்றினால் பதினைந்து வருஷம்கூட ஓடும். ஒட்டியது இலகு, முதல்நாளே சௌகரியம். நீங்கள் வருஷத்துக்கு இரண்டு வாரம் போகப்போகிறவர் என்றால் நன்றாக ஒட்டியதே போதும். அதை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். கடும் பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடி இன்று எல்லாவற்றிலும் இருக்கிறது. 1935-இல் ஆல்ப்ஸில் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்த இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி, பொருத்தமில்லாத காலணிதான் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம் என்று மனம் நொந்து உருவாக்கியது அந்த அடி. அந்த அடிக்கு வழங்கும் ‘விப்ரம்’ என்ற பெயர் அவர் பெயரின் சுருக்கமே.

ஒன்றில் மட்டும் கவனம். அடிரப்பருக்கும் பூட்ஸுக்கும் நடுவே மெத்தென்று ஓர் அடுக்கு இருக்கும், பல பூட்ஸ்களில் அது பாலியூரிதேன் நுரை. காற்றின் ஈரம் பட்டுப் பட்டு, போட்டாலும் போடாவிட்டாலும், அது உள்ளுக்குள் சிதையும். என் நண்பர் ஒருவர் எட்டு வருஷம் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த புது பூட்ஸை முதல்முறையாகப் போட்டு வந்தார். காட்டுக்குள் மூன்று கிலோமீட்டரில் இரண்டு அடியும் அடுத்தடுத்து கழன்று விழுந்தன. நடு அடுக்கு ஈரமான பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பிசின் நாடாவைச் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். அதனால் பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள், ‘நல்ல நாளுக்கு’ என்று எடுத்து வைக்காதீர்கள். நடு அடுக்கில் நகத்தை அழுத்திப் பாருங்கள். மீண்டு வராமல் தழும்பாக நின்றாலோ நொறுங்கினாலோ அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகக்கூடாது.

கோர்-டெக்ஸ் கட்டாயமா என்றால், இல்லை. ஆனால் உங்களுக்கு நான் வேண்டும் என்பேன். அது தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே சாக்ஸ் மாதிரி தைத்து வைத்த மெல்லிய சவ்வு. ஈரப் பனியில் நாள் முழுக்க நடக்கும்போது நிச்சயம் உதவும். மறுபக்கம், உள்ளே நனைந்தால் காய்வதற்குக் கூடுதல் நேரமாகும், முள்ளோ உள்ளே சிக்கிய மணலோ துளை போட்டால் திருத்த முடியாது. வாரக்கணக்கில் காட்டிலேயே இருப்பவர்கள் முழுத்தோல் லைனிங் உள்ளதை விரும்புவது அதனால்தான். நீங்கள் மாலையில் கேம்புக்குத் திரும்பி உலர்த்தப்போகிறவர், சவ்வு உள்ளதையே வாங்குங்கள்.

அளவு. நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள். மாலையில் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். வேட்டைக்குப் போடப்போகும் அதே கம்பளி சாக்ஸை எடுத்துப் போங்கள், பருத்தி சாக்ஸ் காட்டுக்கு ஆகவே ஆகாது. கட்டாமல் காலை முன்னே தள்ளி நின்றால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டியபின் சரிவுப் பலகையில் கீழ்நோக்கி நடந்தால் விரல் நுனி முன்னால் முட்டக்கூடாது. குதிகால் நூலளவு எழும்பலாம், அதற்குமேல் கூடாது. கால்விரல்களை உள்ளே பியானோ வாசிப்பதுபோல் அசைக்க முடிய வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரத்தம் ஓடாது, இரத்தம் ஓடாத காலுக்கு எந்தப் பஞ்சும் சூடு தராது. குளிர்கிறது என்று இரண்டாவது சாக்ஸை உள்ளே திணிப்பவர்கள் குளிரைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஆம்பூரில் நாங்கள் பூட்ஸ் தைத்த லாஸ்ட் கட்டைகள் ஐரோப்பியக் கால்களின் அளவுக்குச் செதுக்கியவை. நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம், குதிகால் ஒடுக்கம். ஆகவே அகல ரகம் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாங்கியதும் வீட்டுக்குள்ளேயே தினமும் ஒரு மணி நேரம் என்று ஒரு வாரம் போடுங்கள். வீட்டுக்குள் மட்டும் போட்டிருந்தால் கடைக்காரர் பெரும்பாலும் மாற்றித் தருவார். அப்புறம் பக்கத்துப் பூங்காவில் இரண்டு வாரம். தண்ணீரில் ஊற வைத்துப் போட்டால் சீக்கிரம் பழகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, பராமரிப்பு. எண்ணெயா மெழுகா என்பதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். நான் பார்த்தவரை எண்ணெய் போடாததால் செத்த பூட்ஸைவிட, தப்பாக உலர்த்திச் செத்த பூட்ஸ்தான் அதிகம். அதில் ஒன்று என்னுடையது. என் இரண்டாவது சீசன், ஓடையில் இறங்கி முழங்கால்வரை நனைந்து வந்தேன். கேம்பில் விறகடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஓர் அடி தள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பூட்ஸின் மூக்கு மரக்கட்டை மாதிரி விறைத்து மேல்நோக்கி வளைந்திருந்தது. காலை நுழைத்து முதல் அடி வைத்தபோதே மடிப்பில் ‘டக்’ என்று சத்தம், இரண்டங்குல வெடிப்பு. தோல் வேலையில் பதினொரு வருஷம் இருந்த நான் செய்த வேலை அது, இன்றைக்கும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஏன் அப்படி ஆகிறது என்று சொல்கிறேன். பதனிட்டு முடிந்ததும் ஷாப்பில் ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவோம். குரோமிய உப்புப் போட்டுச் சரியாகப் பதனிட்ட தோல் அப்படியே கிடக்கும். பதம் பிடிக்காதது கண்ணெதிரே சுருண்டு பாதியாகிவிடும். மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 80 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே சுருங்கத் தொடங்கும். நல்ல தைத்த பூட்ஸின் உள்ளடி அந்த வகைத் தோல்தான். மேல்தோல் குரோம் பதம்தானே என்று நினைக்கலாம். அது சுருங்காவிட்டாலும், சூட்டில் தண்ணீர் அவசரமாக வெளியேறும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கும், ஊட்டிய எண்ணெய் இடம் மாறிப் போய்விடும். பசைக்கும் இதே கதி. கம்பெனியில் அடியை ஒட்டும்போது பசையை 60, 70 டிகிரி சூடு காட்டி இளக வைத்துத்தான் அழுத்துவோம். அடுப்படியில் வைத்தால் அதே சூடு, அழுத்தம் மட்டும் இல்லை. அடி தானாகப் பிரியும்.

ஆகவே நனைந்த பூட்ஸை இப்படிக் காய வையுங்கள். கயிற்றை முழுக்க அவிழ்த்து, நாக்கை வெளியே இழுத்து, உள்மெத்தையை எடுத்துத் தனியாக வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி விரல் பகுதிவரை திணியுங்கள். முதல் தாள் அரை மணியில் நனைந்துவிடும், மாற்றுங்கள். இரவு படுக்குமுன் இன்னொரு முறை. அடுப்பிலிருந்து அறையின் மறுகோடியில், காற்றோட்டமாக, ஒரு பெஞ்சின் மேல் வையுங்கள், தரை ரொம்பக் குளிர். கையை வைத்தால் இதமாகத் தெரிய வேண்டும், சூடாகத் தெரியக்கூடாது. வீட்டில் என்றால் மிதமான காற்று ஊதும் பூட்ஸ் டிரையர் வாங்கலாம். வாங்கியதில் வீண்போகாத பொருள் அது. காரின் ஹீட்டர் துளைக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள்.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சேறு காய்ந்தால் தோலில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், அன்றன்றைக்கே கழுவுங்கள். மானைச் சுத்தம் செய்யும்போது இரத்தம் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் உடனே துடைக்க வேண்டும், வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளது, காரமான சோப்பு அதைக் கெடுக்கும். இங்கே சாலையில் கொட்டும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்தால், வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரில் துடையுங்கள்.

எண்ணெய், மெழுகு இரண்டுக்கும் வேலை வேறு. எண்ணெய் தோலுக்குள் போய் இழைகளை வழுக்க வைக்கிறது, மெழுகு வெளியே நின்று நீரைத் தடுக்கிறது. வேட்டை பூட்ஸுக்குத் தேன்மெழுகு கலந்த பசைதான் என் தேர்வு. சீசனுக்கு முன்னால் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை. பூட்ஸ் நன்றாகக் காய்ந்தபின், அறைச் சூட்டில், ஒரு பூட்ஸுக்கு நெல்லிக்காய் அளவு எடுத்து விரலாலேயே தேயுங்கள், விரலின் சூட்டில் அது இளகும். தையல் வரிசை, நாக்கு மடிப்பு, அடியோடு சேரும் ஓரம் ஆகியவற்றுக்கு முதலில், மற்ற இடத்துக்கு மிச்சம். ஒரு மணி நேரம் விட்டு மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். கைவிரல் எண்ணெய்ப்பசையாகிற அளவுக்குப் பூசினால் தோல் தொளதொளவென்று ஆகிக் கணுக்காலைத் தாங்காது, சவ்வு உள்ள பூட்ஸில் வியர்வையும் வெளியேறாது. நூபக்கில் மெழுகு போட்டால் கறுத்து வழவழப்பாகும், திரும்ப வராது. அந்த மென்மை வேண்டும் என்றால் தெளிக்கும் வகை நீர்க்காப்பு வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்று நம் ஆட்கள் எல்லோரும் என்னைக் கேட்பார்கள். வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், நவம்பர் காட்டில் உங்கள் தோலுக்குள்ளேயே கட்டிப்படும். நாளானால் காறலும் வரும், மானுக்கு அந்த வாசனையே போதும். எந்தக் கொழுப்பானாலும் அதிகம் பூசினால் குளிரில் மேலே வெள்ளைப் படலம் பூக்கும். பூஞ்சணம் என்று பலர் பயப்படுவார்கள். முடி உலர்த்தியால் லேசாகச் சூடு காட்டுங்கள். கரைந்து மறைந்தால் கொழுப்பு, நின்றால் பூஞ்சணம். பூஞ்சணம் என்றால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, வினிகர் தண்ணீரில் துடைத்து, காற்றாட வையுங்கள்.

வாசனை பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடைசி மெழுகுப் பூச்சைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்து, திறந்த வராந்தாவில் வையுங்கள். போகும் வழியில் காஸ் ஸ்டேஷனில் வேட்டை பூட்ஸோடு இறங்காதீர்கள், காரில் வேறு செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். தரையில் சிந்திய பெட்ரோல் அடியில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் கூடவே வரும்.

சீசன் முடிந்ததும் கழுவி, காய வைத்து, மெழுகிட்டு, உள்ளே தாள் திணித்துத் துணிப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது, ஈரமான பேஸ்மென்ட் கூடாது, கோடையில் கொதிக்கும் பரணும் கூடாது. படுக்கையறை அலமாரியின் அடித்தட்டு நல்ல இடம். நடுவில் இரண்டு முறை எடுத்துப் போட்டு நடந்தால் இன்னும் நல்லது.

பழகுவதற்கு மூன்று வாரம், மெழுகு காற்றாட ஒரு வாரம், அளவு சரியில்லை என்றால் மாற்றுவதற்கு ஒரு வாரம். நவம்பர் முதல் திங்கட்கிழமை வேட்டை என்று வைத்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், செப்டம்பர் முடிவதற்குள் பூட்ஸ் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை அந்தக் கம்பளி சாக்ஸையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.